பயணத் திட்டம் மாறியது குற்றமா?
ஐரோப்பிய விசா கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024ஆம் ஆண்டு வைகாசி மாதம். சுங்கை சோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மாலை நான்கு மணிக்கு ஒரு கல்யாணம் பார்த்தோம். கைத்தொலைபேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து என் அண்ணி உட்கார்ந்திருந்தார். அங்கே ஐரோப்பாவில் காலை பத்து மணி, முகூர்த்த நேரம். அண்ணியின் சொந்த அக்கா மகளுக்குத் திருமணம். கெட்டிமேளம் கேட்டதும் அண்ணி கையிலிருந்த அரிசியைத் தொலைபேசித் திரையின் மேல் தூவினார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா பாப்பா, டீ போடுறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

கையில் காசு இருந்தது. கணவரின் சம்மதம் இருந்தது. புடவைகூட எடுத்து வைத்தாயிற்று. விசா மட்டும் கிடைக்கவில்லை. அது ஏன் கிடைக்காமல் போனது, பிறகு எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. தொடர்புத்துறையில் டிப்ளோமா வாங்கிவிட்டு ஒலிவாங்கி முன் நிற்பவள். ஆனால், வீட்டில் ஒருவர் அடிபட்ட பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

நமக்கென்ன இதில்?

"மலேசியக் கடப்பிதழுக்கு ஐரோப்பாவில் விசாவே வேண்டாமே?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. உண்மைதான். மலேசியக் குடிமக்கள் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளில் தங்கலாம்.

ஆனால், நம் வீடுகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ரவாங், செரெண்டா, சுங்கை சோ, பத்தாங்காலி, அந்தப் பக்கம் பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் வரையில் தமிழ்நாட்டிலிருந்து மருமகளோ மருமகனோ வந்த குடும்பங்கள் எத்தனை! அவர்கள் இந்தியக் கடப்பிதழோடு, நீண்ட காலச் சமூக வருகை அனுமதியில் இங்கே வாழ்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும், குடியுரிமைக்குப் பதிவு செய்யாமல் விட்டதால் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பெரியவர்கள் உண்டு. கோயில் குருக்கள், உணவகச் சமையல்காரர், கணினி வேலைக்கு வந்த பிள்ளைகள் என்று இன்னும் பலர் உண்டு.

இவர்களுக்கெல்லாம் விசா வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது கையில் இருக்கும் கடப்பிதழ்தான். மலேசியாவில் இருபது வருடம் வாழ்ந்திருந்தாலும் இந்தியக் கடப்பிதழ் என்றால் விசா வேண்டும். எந்த நாட்டுக் கடப்பிதழும் இல்லாமல், அதற்குப் பதிலான பயண ஆவணம் மட்டும் வைத்திருப்பவர்கள், அந்த ஆவணத்தை போகவிருக்கும் நாடு ஏற்கிறதா என்று முதலில் அந்தத் தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பு அட்டைக்காரர்கள் மலேசியாவுக்குத் திரும்பி வருவதற்கான மறு நுழைவு அனுமதியையும் மறக்கக்கூடாது.

ஐரோப்பாவுக்குப் போக நமக்குக் காரணங்களும் உண்டு. இலங்கைத் தமிழர்கள் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நோர்வே என்று பரவி வாழ்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தவர்களில் பலர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள். பாரிசில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டு கடைசி வாக்கில் வீதி உலா வருகிறது. பெண் கொடுத்து எடுத்த உறவும் வளர்ந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று அழைப்பு வரத்தான் செய்யும்.

ஒரு விசா, 29 நாடுகள்

1985 ஜூன் 14ஆம் நாள் லக்சம்பர்க் நாட்டில் மோசல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்ற சிற்றூரில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தங்களுக்கு இடையே எல்லைச் சோதனையை எடுத்துவிடுவதுதான் நோக்கம். அது 1995 மார்ச் 26இல் நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் சேர்ந்துள்ளன. 2023இல் குரோஷியா வந்தது. 2025 ஜனவரி முதல் நாள் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுமையாகச் சேர்ந்தன.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்து விடுவோம். சுவிட்சர்லாந்தும் நோர்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. இங்கிலாந்தும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. பாரிசுக்கு வாங்கிய விசாவை வைத்துக்கொண்டு லண்டன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட முடியாது.

ஷெங்கன் விசா பொதுவாக ஒரு நாட்டின் தூதரகம் கொடுக்கும். 29 நாடுகளிலும் செல்லும். பிரான்ஸ் கொடுத்த விசாவோடு ஜெர்மனியில் இறங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. நான்கு நாள் தங்க நினைத்த இடத்தில் ஆறு நாள் தங்கியதாலேயே யாரும் குற்றவாளி ஆகிவிட மாட்டார்கள். அதிகாரிகள் பார்ப்பது வேறு. விண்ணப்பித்த அன்று நீங்கள் சொன்னது உண்மையா? விசா கொடுத்த நாட்களுக்குள் வெளியேறினீர்களா? இந்த இரண்டு கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

எந்த நாட்டிடம் கேட்பது?

2009ஆம் ஆண்டின் 810 என்ற எண்ணுள்ள ஐரோப்பிய விசா விதித்தொகுப்பு, 2010 ஏப்ரல் 5 முதல் நடப்பில் உள்ளது. அதன் ஐந்தாவது விதி இதைச் சொல்கிறது. ஒரே நாட்டுக்குப் போனால் அந்த நாட்டிடம் கேளுங்கள். பல நாடுகளுக்குப் போனால் முதன்மையான நாட்டிடம், அதாவது அதிக நாள் தங்கும் நாடு அல்லது பயணத்தின் முக்கிய நோக்கம் உள்ள நாட்டிடம் கேளுங்கள். எல்லா நாட்டிலும் சம நாள், எதையும் முதன்மை என்று சொல்ல முடியாது என்றால், முதலில் நுழையும் நாட்டிடம் கேளுங்கள்.

ஓர் உதாரணம். ஆம்ஸ்டர்டாமில் ஐந்து நாள், பாரிசில் மூன்று நாள் என்றால் நெதர்லாந்திடம் கேட்க வேண்டும். இரண்டு இடத்திலும் நான்கு நாள், முதலில் இறங்குவது பாரிசில் என்றால் பிரான்சிடம் கேட்க வேண்டும். "எந்தத் தூதரகத்தில் சீக்கிரம் கிடைக்கும்?" என்பது கேள்வியே அல்ல. அந்தக் கேள்வியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

விண்ணப்பிக்கும் ஊரும் முக்கியம். சட்டப்படி வசிக்கும் நாட்டில் இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் அண்ணியைப் போல முறையான அனுமதியோடு மலேசியாவில் வாழ்பவர் கோலாலம்பூரிலேயே விண்ணப்பிக்கலாம். அதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால், அந்த அனுமதி ஐரோப்பாவிலிருந்து திரும்பும் நாளைத் தாண்டியும் செல்லுபடியாக வேண்டும். இரண்டு மாதத்தில் முடியும் என்றால் முதலில் குடிநுழைவுத் துறையில் அதைப் புதுப்பித்து விடுங்கள்.

அண்ணிக்கு நடந்தது

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். நாடுகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் தவறு அவர்களுடையது அல்ல.

2019 ஆகஸ்டில் அண்ணி முதன்முறையாக ஐரோப்பா போனார். ஒன்பது இரவுப் பயணம். முதல் நாட்டில் ஐந்து இரவு, அக்கா இருக்கும் பக்கத்து நாட்டில் நான்கு இரவு. முறைப்படி முதல் நாட்டிடம் விசா வாங்கினார். அங்கே இறங்கிய இரண்டாம் நாள் இரவு தொலைபேசி வந்தது. அக்காவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் காலை அண்ணி ஹோட்டலை ரத்து செய்துவிட்டு ரயில் ஏறினார். ஆக, முதல் நாட்டில் இரண்டு இரவு, அக்கா வீட்டில் ஏழு இரவு. குறித்த நாளில், குறித்த விமானத்திலேயே திரும்பி வந்தார். இதில் எந்தத் தவறும் இல்லை.

தவறு 2024இல் நடந்தது. அக்கா மகள் கல்யாண அழைப்பு வந்ததும் நாங்கள் ஒரு பயண முகவரிடம் போனோம். பழைய கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அக்கா, உங்க பேர்ல கரும்புள்ளி விழுந்திருக்கும். அந்த நாட்டுக்கிட்டயும் கேட்காதீங்க, இந்த நாட்டுக்கிட்டயும் கேட்காதீங்க. மூணாவதா ஒரு நாடு இருக்கு, அங்க சுலபமா குடுப்பாங்க. ஹோட்டல் பதிவை நான் பார்த்துக்கிறேன்."

நாங்களும் தலையாட்டினோம். போகவே போகாத ஒரு நகரத்தில் ஆறு இரவுக்கு ஹோட்டல் பதிவு காட்டி விண்ணப்பம் போனது. அதைக் கொடுத்த இரண்டாம் நாளே அந்தப் பதிவு ரத்தாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மறுப்புக் கடிதம் வந்தது. பயண நோக்கம் குறித்துக் கொடுத்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்று அதில் குறியிட்டிருந்தார்கள். பயணத்துக்கு 15 நாளுக்கு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும் என்பது விதி. அதனால் மறுபடி கேட்கவும் நேரமில்லை.

2019இல் திட்டம் மாறியதற்காக அண்ணிக்கு விசா மறுக்கப்படவில்லை. அதை மறைக்கப் போய் 2024இல் சொன்ன பொய்க்காகத்தான் மறுக்கப்பட்டது.

கணினிக்கு என்ன தெரியும்?

கரும்புள்ளி என்றாரே, அப்படி ஒன்று உண்டா? ஷெங்கன் நாடுகள் சேர்ந்து நடத்தும் விசா தகவல் முறை என்ற கணினித் தளம் 2011 அக்டோபரில் தொடங்கியது. நீங்கள் எந்த நாட்டிடம் விண்ணப்பித்தீர்கள், உங்கள் படம், பத்து விரல் ரேகை, விசா கிடைத்ததா, மறுக்கப்பட்டதா, இடையில் ரத்தானதா என்பதெல்லாம் அதில் ஐந்து ஆண்டு இருக்கும். ஒரு நாடு மறுத்ததை இன்னொரு நாட்டின் அதிகாரி பார்க்க முடியும். ஆகவே பழைய கடப்பிதழைத் தொலைத்துவிட்டுப் புதிது எடுத்தால் பழைய கதை அழிந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. விரல் ரேகை மாறாது.

அதே சமயம், நீங்கள் எந்த ஹோட்டலில் எத்தனை இரவு படுத்தீர்கள் என்று அந்தத் தளம் கணக்கு வைப்பதில்லை. திட்டத்தை மாற்றினார் என்று தானாகவே ஒரு புள்ளி விழுவதும் இல்லை.

2025 அக்டோபர் 12 முதல் நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை என்ற இன்னொன்றும் படிப்படியாக வந்தது. கடப்பிதழில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, நீங்கள் எந்த எல்லையில், எந்த நாள் நுழைந்தீர்கள், எந்த நாள் வெளியேறினீர்கள் என்று கணினி பதிகிறது. விசா தேவைப்படாத மலேசியக் கடப்பிதழ்காரர்களுக்கும் இது பொருந்தும். நாள் கணக்கில் இனி "மறந்துவிட்டேன்" என்று சொல்ல முடியாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். ஜூன் முதல் தேதி நுழைந்து பத்தாம் தேதி கிளம்பினால் அது பத்து நாள், ஒன்பது அல்ல.

திட்டம் மாறினால் என்ன செய்வது?

எப்போது மாறுகிறது என்பதைப் பொறுத்தது. நான்கு கட்டமாகச் சொல்கிறேன்.

முதல் கட்டம்: விண்ணப்பம் கொடுத்தாயிற்று, முடிவு வரவில்லை. இந்த நேரத்தில் கல்யாணத் தேதி மாறிவிட்டால், விண்ணப்ப மையத்துக்கோ தூதரகத்துக்கோ உடனே எழுத்தில் தெரிவியுங்கள். புதிய திட்டம், புதிய அழைப்புக் கடிதம் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். முடிவு வரும் முன் ஹோட்டல் பதிவை ரத்து செய்யாதீர்கள். அதிகாரி அந்த ஹோட்டலுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்கக்கூடும். விமானச் சீட்டுக்கு இருக்கைப் பதிவே பொதுவாகப் போதும். விசா வரும் முன் முழுப் பணத்தையும் கட்டி மாட்டிக்கொள்ளாதீர்கள். பிறகு ரத்து செய்யக்கூடிய பதிவு வைத்திருப்பது தவறு அல்ல. போகும் எண்ணமே இல்லாத ஊரில் பதிவு காட்டுவதுதான் தவறு.

இரண்டாம் கட்டம்: விசா வந்துவிட்டது, இன்னும் புறப்படவில்லை. விசா ஒட்டியில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது. மற்றொன்று, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது. இந்த இரண்டுக்குள் நடக்கும் சிறு மாற்றங்களுக்குப் பயப்பட வேண்டாம். ஹோட்டல் மாறலாம், ஊர்களின் வரிசை மாறலாம், ஒரு நாள் கூடலாம், குறையலாம். காப்புறுதியின் தேதியை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால், விசா கொடுத்த நாட்டுக்கே போகப் போவதில்லை, முழுப் பயணமும் வேறு நாட்டில் என்று ஆகிவிட்டால் அந்த விசாவோடு கிளம்பாதீர்கள். கொடுத்த தூதரகத்துக்கு எழுதுங்கள். விசாவை விலக்கிக்கொள்ளும்படி நீங்களே கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. பிறகு சரியான நாட்டிடம் புதிதாகக் கேளுங்கள். இன்னொரு 90 யூரோ போகும்தான். ஆனால், விமான நிலையத்தில் அதிகாரி "விசா அங்கே வாங்கினீர்கள், ஏன் இங்கே மட்டும் தங்குகிறீர்கள்?" என்று கேட்கும்போது முழிக்க வேண்டியிராது. ஏமாற்றி வாங்கியது என்று அவர் கருதினால் விசாவையே செல்லாததாக்க முடியும்.

மூன்றாம் கட்டம்: பயணத்தின் நடுவில். உடல் நலக்குறைவு, வேலை நிறுத்தம், விமானம் ரத்து. விசா விதித்தொகுப்பு நடப்புக்கு வந்து ஒன்பது நாள் கழித்து, 2010 ஏப்ரல் 14இல், ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தது. சாம்பல் புகையால் ஐரோப்பிய வான்வெளி பல நாள் மூடப்பட்டு, உலகெங்கும் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். இப்படி நம் சக்திக்கு மீறிய காரணத்தாலோ மனிதாபிமானக் காரணத்தாலோ விசா நாட்களுக்குள் திரும்ப முடியாவிட்டால், அங்கேயே உரிய அலுவலகத்தில் நீட்டிப்புக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கடுமையான சொந்தக் காரணம் என்றால் 30 யூரோ. விசா முடியும் முன்பே போய்க் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். முடிந்த பிறகு போனால் அது அத்துமீறிய தங்கல்.

நான்காம் கட்டம்: திரும்பி வந்த பிறகு. இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் பையைத் தட்டி எல்லாத் துண்டுச் சீட்டையும் குப்பையில் போடுகிறோம். போடாதீர்கள். ஏறு அட்டை, ரயில் சீட்டு, ஹோட்டல் ரசீது, ரத்து செய்த ரசீது, மருத்துவரின் கடிதம் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டுப் பழைய கடப்பிதழோடு ஐந்து ஆண்டு வைத்திருங்கள்.

அந்த ஒரு பக்கக் கடிதம்

அண்ணிக்குக் கைகொடுத்தது அந்த உறைதான். பூஜை அறை அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால் 2019இன் ரயில் சீட்டும் மருத்துவமனைத் தாளும் இருந்தன. கல்யாணத்துக்கு மூன்றாம் மாதம் ஆவணியில் பெண்ணுக்குத் தாலி பெருக்கும் சடங்கு. அதற்காவது போகலாம் என்று அக்கா இருக்கும் நாட்டிடமே ஜூலையில் விண்ணப்பித்தோம். இம்முறை முகவர் இல்லை. கடிதத்தை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அதில் இருந்தவை இவ்வளவுதான்:

2019இல் எந்த நாட்டின் விசாவில் போனார், முதலில் போட்ட திட்டம் என்ன, அக்கா மருத்துவமனையில் சேர்ந்ததால் எது எப்படி மாறியது, எந்த நாளில் வெளியேறினார். ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தின் எண். பிறகு, 2024இல் வேறொரு நாட்டிடம் செய்த விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அதில் காட்டிய தங்குமிடம் உண்மையான திட்டம் அல்ல. அது தன் தவறு. கடைசியில், இப்போது எதற்காக, எத்தனை நாள், யார் வீட்டில், எந்த நாள் திரும்புவார்.

அந்தத் தவறு பற்றிய வரியைப் படித்துக் காட்டியதும் அண்ணி பயந்துவிட்டார். "நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி ஆகாதா பாப்பா?" என்று கேட்டார். அண்ணன்தான் சொன்னார்: "அவங்களுக்குத் தெரிஞ்சதை நாம மறைச்சு என்னம்மா ஆகப்போகுது? எழுதட்டும்."

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் இப்படி எழுத வேண்டும் என்பதில்லை. ஹோட்டல் மாறியது, ஒரு நாள் கூடியது போன்ற சில்லறை மாற்றங்களுக்குக் கடிதம் தேவையில்லை. முதன்மை நாடே மாறிப்போயிருந்தால், இடையில் விசா ரத்தாகியிருந்தால், மறுக்கப்பட்டிருந்தால் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அழுகைக் கதை வேண்டாம். தேதி, காரணம், ஆதாரம் போதும்.

கடிதத்தோடு என்னென்ன?

கடப்பிதழ் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு காலிப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்புறுதி, எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், எல்லா நாளுக்கும் வேண்டும். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் பணம் திரும்பாது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு 15 நாள் என்பது பொது விதி, ஆனால் 45 நாள் வரை நீளலாம். பழைய பயணத்தில் சிக்கல் இருந்தவர்கள் இந்த 45 நாளைக் கணக்கில் வைத்து முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். அண்ணி விஷயத்தில் நாங்கள் அதைச் செய்திருந்தால், மறுக்கப்பட்ட பிறகும் சரி செய்ய நேரம் இருந்திருக்கும்.

திரும்பி வருவீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும். சம்பளம் வாங்காத இல்லத்தரசிகள் பதற வேண்டாம். கணவரின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, ஊழியர் சேமநிதி அறிக்கை, கணவர் செலவை ஏற்கும் கடிதம், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், வீட்டுப் பத்திரம் ஆகியவை உங்கள் வேர் இங்கேதான் என்று காட்டும். தமிழ்நாட்டில் பதிந்த திருமணச் சான்று தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரிடமோ கடன் வாங்கி வங்கியில் போட்டுக் காட்டாதீர்கள். அது பளிச்சென்று தெரியும்.

மறுத்துவிட்டால்?

மறுப்புக் கடிதத்தில் காரணத்துக்கு எதிரே குறியிட்டிருப்பார்கள். அதைக் கிழித்துப் போடாமல் படியுங்கள். மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அது அந்தக் கடிதத்திலேயே இருக்கும். குறை நம் பக்கம் என்றால் அதைச் சரி செய்து புதிதாக விண்ணப்பிப்பதே நேர்வழி. ஒரு முறை மறுத்தார்கள் என்பதற்காக அடுத்த விண்ணப்பத்தைத் தானாகவே மறுக்கக்கூடாது என்று விதித்தொகுப்பே சொல்கிறது. உண்மை சொன்னால் விசா நிச்சயம் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. முடிவு அதிகாரியின் கையில். பொய் சொன்னால் கதவு மெல்ல மெல்ல மூடும் என்பது மட்டும் நிச்சயம். இங்கிலாந்து விண்ணப்பத்தில் பழைய மறுப்புகளையும் கேட்பார்கள். ஏமாற்று என்று கண்டால் பத்து ஆண்டு வரை தடை விதிக்க அங்கே விதி உண்டு.

பயண முகவர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். ஆனால், விண்ணப்பப் பாரத்தின் கடைசியில் கையெழுத்துப் போடுவது நீங்கள். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு உங்களுடையது. முகவர் நிரப்பினால் படித்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "போகாத ஊருக்கு ஏன் ஹோட்டல் போட்டிருக்கீங்க?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நாங்கள் அன்று கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்விதான்.

அண்ணிக்கு ஆகஸ்டில் விசா வந்தது. தாலி பெருக்கும் சடங்குக்குப் போய்ச் சேர்ந்தார். பெரியம்மா முறைக்குக் கொடுக்க எடுத்த புடவையைச் சின்னம்மாவாகக் கையில் கொடுத்தேன் என்று தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார். பெட்டி மாறி, தன் பெரிய மகளுக்கு எடுத்து வைத்த புடவையைக் கொண்டுபோய்விட்டாராம். குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்பே ஊர் திரும்பினார். ஏறு அட்டையை என்னிடம் நீட்டி, "இந்தா பாப்பா, சாமி படத்துக்குப் பின்னால வை" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பழைய உறை ஒன்று இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த பயணத்திலிருந்து தொடங்குங்கள்.